நெட்டையன் பேட்டரி

குழந்தைகள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் டாக்ஸிகளில் ஒன்றுக்குக் 'கொசுமருந்து' என்று பெயர். யார் வைத்த பெயரோ தெரியாது. அந்த வண்டி கிளம்பும்போது பின்னால் எழும் புகையைப் பார்த்தவர்கள் யாரும் பெயருக்குக் காரணம் கேட்டதில்லை. அதை ஓட்டுகிற அம்மாவுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: கியரக்கா. கியர் மாற்றுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்த ஸ்டாண்டில் ஆள் கிடையாது. பின்சீட்டில் தூங்குகிற குழந்தையின் தலை அசையாமல் வண்டியை மேட்டில் ஏற்றி இறக்கிவிடுவாள். கைத்திறமைக்குக் கிடைத்த பெயரும் புகைக்குக் கிடைத்த பெயரும் ஒரே வண்டியில் ஏறி ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தன.

கொசுமருந்து என்ற கேலி அவளுக்குப் பெரிதாக உறைக்கவில்லை. உறைத்தது ஒரு ஜன்னல்தான். அவள் வண்டி நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, முதல் மாடியில் இருந்தது அது. இவள் சாவியைத் திருகினால் போதும், உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்து அந்த ஜன்னலைச் சாத்திவிடுவாள். கோபமாக அல்ல, மழை வந்தால் சாத்துகிறோமே, அந்த மாதிரி. முகத்தைக்கூடச் சுளிக்கமாட்டாள். அதுதான் கியரக்காவால் தாங்க முடியாதது. உள்ளே மூச்சுத் திணறலுக்குப் படுத்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேரை அங்கே கொண்டுவந்து இறக்கியதே அவள்தான். இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவர்கள் மேலேயே புகையை விட்டுவிட்டுப் போகிறோமே என்று அவளுக்கு நெஞ்சு கூசும்.

ஒருநாள் வாட்ச்மேன் தலையைச் சொறிந்துகொண்டே வந்து நின்றார். "அக்கா, நிர்வாகத்துல சொல்லிட்டாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து புகை விடுற வண்டி எதுவும் வாசல்ல நிக்கக்கூடாதாம். யாரையும் பேர் சொல்லிச் சொல்லல..." என்று இழுத்தார். பேர் சொல்லாமலே கொசுமருந்தை எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கியரக்கா அலட்டிக்கொள்ளவில்லை, ஏனென்றால் அவள் மனதில் ஏற்கெனவே ஒரு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அடிக்கடி அவள் டாக்ஸியில் வரும் பல் டாக்டரம்மா வெளிநாட்டுக்குக் குடிபெயரப்போகிறாள். அவளிடம் விற்க ஒரு ஹைபிரிட் கார் இருந்தது. பெட்ரோல் இஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற வண்டி. ஒருமுறை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தாள். சிக்னலில் நின்றபோது இஞ்சின் தானாக அணைந்துவிட்டது. வண்டி நின்றுபோய்விட்டதோ என்று கியரக்கா பதறி, ஸ்டார்ட் பொத்தானை மறுபடி அழுத்தி, நன்றாக இருந்ததை உண்மையிலேயே அணைத்துவிட்டாள். பின்னால் நின்றவர்கள் ஹாரனில் வெளுத்து வாங்கினார்கள். டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் அவள் பல் அத்தனையும் தெரிந்தது. அந்த இடத்திலேயே கியரக்காவுக்கு வண்டியைப் பிடித்துப்போயிற்று.

வாங்குவதற்குத் தடையாக இருந்தது ஒரே ஒரு தலை. அது அவள் கணவரின் தலை. இருவரும் சேர்ந்து சேமித்த பணம். அவர் தலையாட்டாமல் அவள் எடுக்கமாட்டாள். அவர் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவர். ஊரில் பாதி டாக்ஸிகள் அவர் தைத்த உறைமேல்தான் பயணிகளை உட்கார வைத்திருந்தன. அவர் தையலில் ஒரு சுருக்கம் காட்ட முடியாது. சீட்டுக்கு மேலே உள்ளதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சீட்டுக்குக் கீழே உள்ள விஷயங்களுக்கு மட்டும் அவர் மைத்துனர் சொல்வதுதான் வேதவாக்கு.

அந்த மைத்துனர், அதாவது கியரக்காவின் தம்பி, பழைய கார்களை வாங்கிப் பிரித்து விற்கும் யார்டு வைத்திருந்தான். குடும்பத்தில் அவனுக்கு 'நிபுணர்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் கேலியாகச் சொல்ல ஆரம்பித்தது. அவன் காதில் விழுந்தபோது அவன் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டுவிட்டான். நல்ல மனசுக்காரன். எது கேட்டாலும் ஓடிவந்து செய்வான். பேசுவதை மட்டும் நிறுத்தமாட்டான்.

விஷயம் கேள்விப்பட்டதும் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டான்.

"ஹைபிரிடா? அக்கா, உனக்கு யாரோ நல்லா காது குத்திட்டாங்க. அதை எங்க போய் சொருகி சார்ஜ் ஏத்துவே? ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.லயா?"

"சொருகவே வேணாம்டா. பிரேக் போடுறப்ப தானா ஏறிக்கும்."

"பிரேக் போட்டா சார்ஜ் ஏறுமா? அப்ப மாமாவுக்கு எவ்வளவு ஏறியிருக்கணும். கல்யாணம் ஆனதுலேர்ந்து நீ அவருக்கு பிரேக் போட்டுக்கிட்டுத்தானே இருக்கே."

கணவர் தன்னைத்தான் கேலி செய்கிறான் என்பதைப் பொருட்படுத்தாமல் விழுந்து விழுந்து சிரித்தார். கியரக்காவுக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் அவளுக்குக் கோபம்.

"சரி, அதை விடு," என்றான் நிபுணர். "அது ஹைவேயில ஓடறதுக்கு லாயக்கு. டவுனுக்குள்ள நின்னு நின்னு போற உனக்கு ஆகாது."

"தலைகீழா சொல்றே. நின்னு நின்னு போறதுலதான் அது மிச்சம் பிடிக்கும். நிக்கிறப்ப இஞ்சின் ஓடாது, மெதுவா ஊர்றப்ப மோட்டார்லயே போயிடும்."

"மிச்சம் பிடிக்கட்டும். அந்த பேட்டரியைச் செய்யறதுக்குள்ள வர்ற புகை இருக்கே, உன் கொசுமருந்து ஆயுசு பூரா விட்டாலும் அந்தப் புகை வராது. ஊரை ஏமாத்தறதுக்குத்தான் சுற்றுச்சூழல் அது இதுன்னு பேசறது."

கியரக்கா இதைப் பற்றிக் கேட்டு வைத்திருந்தாள். "எந்த வண்டியைச் செஞ்சாலும் புகை வரத்தான் செய்யும். இதுக்குக் கொஞ்சம் கூடத்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா இதுல பேட்டரி ஊருக்குப் போற பெட்டி அளவுதான். ஓட்ட ஓட்ட பெட்ரோல் மிச்சமாகுதில்ல, அதுல அந்தக் கணக்கு நேராயிடும். அப்புறம் எல்லாம் லாபம். நாள் பூரா ஓடுற டாக்ஸிக்கு இன்னும் சீக்கிரமாவே நேராயிடும்."

"யார் சொன்னா?"

"புகை டெஸ்ட் பண்ற பொண்ணு."

"அவ வண்டியோட வாலைப் பார்க்கிறவ. நான் வண்டியோட வயித்தைப் பார்க்கிறவன்." நிபுணர் காலை நீட்டி உட்கார்ந்தான். கையில் இருந்த கடைசித் துருப்புச் சீட்டை இறக்கினான். "நெட்டையன் கதையை மறந்துட்டியா?"

நெட்டையன் கதையை யாரும் மறக்கவில்லை. ஸ்டாண்டில் முதன்முதலில் ஹைபிரிட் வாங்கியவன் அந்த உயரமான ஆள். ஒரே கோடையில் அவன் வண்டிப் பேட்டரி உயிரை விட்டது. மனம் வெறுத்து வண்டியை நிபுணரின் யார்டிலேயே தள்ளிவிட்டு, இப்போது பஸ் ஓட்டுகிறான். அன்றிலிருந்து ஹைபிரிட் என்று யார் வாயெடுத்தாலும் அந்த ஸ்டாண்டில் நெட்டையன் பெயரைச் சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள்.

"செத்த பேட்டரி எங்க போகும்? மண்ணுக்குள்ளதான். புதைச்ச இடத்துல புல்லு முளைக்காது. என் யார்டுக்குப் பின்னாடி மலையா கிடக்கு, தெரியுமா? என் பேச்சைக் கேளு, நல்ல பழைய டீசல் வண்டி ஒண்ணு வந்திருக்கு. ஸ்டார்ட் பண்ணினா சிங்கம் மாதிரி உறுமும்."

கணவரின் முகம் இறுகிவிட்டது. "மாப்ள சொல்றதுல நியாயம் இருக்கும்மா. பேட்டரி போச்சுன்னா நாம எங்க போறது? எனக்கு மனசு ஒப்பல. நான் அந்த வண்டியில உட்காரக்கூட மாட்டேன்."

கியரக்காவுக்கு அழுகை வரவில்லை, ஆனால் வெகு அருகில் வந்துவிட்டுப் போயிற்று. "வண்டி ஓட்டறது நான். வண்டியைப் பத்திப் பேசறது மட்டும் மத்தவங்க எல்லாரும்," என்றாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "அந்த மலையைக் காட்டு."

"எந்த மலை?"

"செத்த பேட்டரி மலை. நாளைக்குக் காலையில வர்றோம். கண்ணால பார்த்துட்டேன்னா டாக்டரம்மாகிட்ட வேணாம்னு சொல்லிடறேன். அவங்க நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் கேட்டிருக்காங்க. வேற ஒருத்தர் கையில பணத்தோட காத்துக்கிட்டிருக்கார்."

"தாராளமா வா," என்றான் நிபுணர், மலையைத் தானே கட்டியவன் மாதிரி.

மறுநாள் விடிந்ததிலிருந்தே அந்தப் பகுதி முழுவதும் கரண்ட் இல்லை. கணவரின் தையல் மெஷின் ஓடாது என்பதால் அவரும் கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே கிளம்பி வந்தார். வழியில் சிக்னல்கள் செத்துக் கிடந்தன. கடைக்காரர்கள் எல்லாரும் வாசலில் நின்று அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். கொசுமருந்து அவர்களுக்கு நடுவே புகை விட்டுக்கொண்டு போனபோது விசிறியவர்கள் இன்னும் வேகமாக விசிறினார்கள்.

யார்டில் கதவுகள் ஒருபுறம், முகம் பார்க்கும் கண்ணாடிகள் ஒருபுறம், கம்பியில் வரிசையாகத் தொங்கும் ஸ்டீயரிங்குகள் ஒருபுறம். நடுவில் தகரக் கூரை போட்ட ஆபீஸ் அறை. அதற்குள் நிபுணரின் சிம்மாசனம்: ஏதோ ஒரு காரின் பின்சீட்டைக் கழற்றி, கீழே கட்டைகள் கொடுத்து சோபாவாக்கி வைத்திருந்தான். மெரூன் வெல்வெட் உறை, தரை வரைக்கும் தொங்கும் சுருக்குத் துணி. அதில் சாய்ந்துகொண்டுதான் அவன் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்வது வழக்கம்.

"உட்காருங்க மாமா. வெயில்ல வந்திருக்கீங்க," என்று ஃபிரிட்ஜைத் திறந்து ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொடுத்தான். தண்ணீர் பல் கூசும் அளவுக்குச் சில்லென்று இருந்தது. தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது. கியரக்கா தண்ணீரைக் குடித்தாள், ஃபேனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"வா அக்கா, மலை ஏறலாம்," என்று நிபுணர் பாட்டிலும் கையுமாக முன்னால் நடந்தான்.

யார்டின் பின்பக்கத்தில் டயர்கள் இருந்தன. ஒரு பானெட்டின் நிழலில் பூனை ஒன்று குட்டி போட்டிருந்தது. மலையைக் காணோம். மேட்டைக்கூடக் காணோம். நிபுணர் டயர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். பூனை அவனை முறைத்தது.

"இங்கதான் இருந்துச்சு," என்றான்.

அந்த நேரத்தில் அவன் மனைவி ஷெட்டிலிருந்து வந்தாள். முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிய ஃபோன். கல்யாணத்துக்கு முன்னால் இன்வெர்ட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள். யார்டில் பேசுகிற வேலை நிபுணருடையது, மற்ற வேலை எல்லாம் அவளுடையது.

"இல்லைங்க, இப்ப ஸ்டாக் சுத்தமா இல்ல. வந்தா உங்களுக்குத்தான் முதல்ல சொல்வேன்," என்று ஃபோனில் சொல்லி முடித்துவிட்டு, "வாங்க அண்ணி, வாங்க அண்ணா," என்றாள்.

"என்ன ஸ்டாக் கேக்கறாங்க?" என்றான் நிபுணர்.

"ஹைபிரிட் பேட்டரிதான்."

நிபுணர் வாயைத் திறந்தான். பாட்டிலிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீரை அதற்குள் ஊற்றிக்கொண்டான்.

"செத்த பேட்டரியையா கேக்கறாங்க?" என்று கணவர் கேட்டார்.

"முழுசா எங்க அண்ணா சாகுது? அது ஒரே கட்டையா இருக்காது. உள்ள சின்னச் சின்னதா நிறைய இருக்கும். அதுல சிலது போயிருக்கும், மத்ததெல்லாம் நல்லா இருக்கும். நல்லதைப் பிரிச்சு வேற வண்டிக்குப் போட எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஒண்ணுக்கும் ஆகாததை உருக்கற கம்பெனிக்காரங்க வந்து அள்ளிக்குவாங்க. உள்ள இருக்கிற உலோகத்துக்கு அவ்வளவு கிராக்கி. எல்லா ஊர்லயும் ஒழுங்கா இப்படி நடக்குதான்னு எனக்குத் தெரியாது. இங்க ஒண்ணைக்கூட மண்ணுக்கு நான் விட்டதில்ல."

"அப்ப நெட்டையன் பேட்டரி?" நிபுணரின் குரல் பாதியாகிவிட்டது. "அதுவாவது செத்துச்சா?"

அவள் கணவனின் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். "ஏங்க, விடிஞ்சதுலேர்ந்து தெருவுல கரண்ட் இல்ல. உங்க கையில தண்ணி எப்படி சில்லுன்னு இருக்கு?"

நிபுணர் பாட்டிலைப் பார்த்தான். பிறகு ஆபீஸ் ஜன்னல் வழியாக உள்ளே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தான். அதன் பிறகு மறுபடியும் பாட்டிலைப் பார்த்தான்.

"ஷெட்டுல ஓடிக்கிட்டிருக்கிறது நெட்டையன் பேட்டரிதான். கெட்டதைக் கழட்டிட்டு மிச்சத்தைக் கோத்து வச்சேன். ரெண்டு கோடையா கரண்ட் போறப்ப எல்லாம் இந்த ஃபிரிட்ஜையும் ஃபேனையும் அதுதான் இழுக்குது."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னேன். நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க."

கியரக்கா அடக்கிக்கொண்டுதான் இருந்தாள். இதற்கு மேல் முடியவில்லை. ஒரு டயர்மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹைபிரிட் பேட்டரியின் சாவைப் பற்றித் தம்பி செய்த அத்தனை உபதேசத்துக்கும் நடுவில் அவன் தொண்டையைக் குளிர வைத்தது அந்தப் பேட்டரிதானே. நிபுணரும் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, அசடு வழியச் சிரிக்க ஆரம்பித்தான்.

சிரிக்காதவர் கணவர் ஒருவர்தான். நியாயமான மனிதர், நியாயமான கேள்வி கேட்டார். "அதெல்லாம் சரிம்மா. ஆனா வண்டியில ஓடறப்ப அது கெட்டுப் போச்சு, இல்லையா? வாங்கி ஒரு கோடைகூட முழுசா தாங்கல. இவளுக்கும் அதே கதி வந்துச்சுன்னா?"

"அது கெட்டதுக்குக் காரணம் வேற அண்ணா. பேட்டரிக்குக் காத்து வேணும். சூட்டைத் தணிக்க சின்னதா ஒரு ஃபேன் இருக்கும். நான் பிரிச்சப்ப அந்த ஃபேன் பூரா பஞ்சு. சுத்தவே முடியல. பாவம், மூச்சு முட்டித்தான் போயிருக்கு."

"பஞ்சா? என்ன பஞ்சு?"

"வெல்வெட்ல உதிருமே, அந்த மாதிரி. மெரூன் கலர்."

கணவர் விறுவிறுவென்று ஆபீஸ் அறைக்கு நடந்தார். மற்ற மூவரும் பின்னாலேயே போனார்கள். அவர் சிம்மாசனத்துக்கு முன்னால் மண்டியிட்டு, தரை வரை தொங்கிய சுருக்குத் துணியைக் கையால் தடவினார். ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தார். அவருடைய தையல் அவருக்குத் தெரியாதா? மெதுவாகத் துணியைத் தூக்கினார். சீட்டுக்கு அடியில், நடுவில், ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கம்பி வலை போட்ட துவாரம் ஒன்று இருந்தது.

"காத்து அது வழியாத்தான் போகணும்," என்றாள் தம்பி மனைவி, குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"இது நெட்டையன் வண்டி சீட்டு. நல்லா கிராண்டா வேணும்னு கேட்டான்," என்றார் கணவர். "இந்த ஓட்டை அசிங்கமா இருந்துச்சு. மறைச்சு, சுருக்கு வச்சு, இழுத்துத் தச்சேன். எவ்வளவு அழகா வந்திருக்குன்னு பெருமையா வேற இருந்துச்சு." அவர் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப அவன் வண்டியைக் கொன்னது நானா?"

நேற்று மாலையிலிருந்து கியரக்கா ஒரு வாக்கியத்தை நாக்கில் கூர்தீட்டி வைத்திருந்தாள். இப்போது அதற்கு நேரம். கணவரின் முகத்தைப் பார்த்தாள், அந்த வாக்கியம் எங்கோ போய்விட்டது. பக்கத்தில் போய் அவளும் மண்டியிட்டாள்.

"ரொம்ப அழகாத்தான் தச்சிருக்கீங்க," என்றாள். "மூக்கை மட்டும் மூடிட்டீங்க."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். உதடு கோணியது. அழப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தபோது சிரிப்பு பீறிட்டது. சிரித்துச் சிரித்து சிம்மாசனத்திலேயே தலையைச் சாய்த்துவிட்டார். நிபுணர், இதில் தனக்கும் பங்கு உண்டு என்கிற மாதிரி, அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தான். "இந்த சீட்டு மேலே உட்கார்ந்துதான் நான் நெட்டையன் கதையை எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருந்தேன் மாமா," என்றான். அதற்கு மறுபடியும் ஒரு சிரிப்பு.

எழுந்த பிறகு கணவர் கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து அந்தத் துவாரத்தை நீளவாக்கிலும் குறுக்காகவும் அளந்தார். "டாக்டரம்மா வண்டியிலயும் இது இங்கதான் இருக்குமா?"

"ஆமாங்க. நான் பார்த்தேன்," என்றாள் கியரக்கா.

"அப்ப இந்த இடத்தை விட்டுட்டுத் தைக்கணும். உதிராத துணியாப் போடணும்." நாடாவைச் சுருட்டினார். "அவங்களுக்கு ஃபோன் பண்ணு. சாயங்காலம் வரைக்கும் எதுக்கு, இப்பவே பண்ணு." பிறகு, தம்பியும் அவன் மனைவியும் கேட்கும்படியாகவே சொன்னார். "வண்டி விஷயம், நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்."

கியரக்காவின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அங்கேயே நின்று டாக்டரம்மாவின் எண்ணை அழுத்தினாள்.

வண்டி வந்தது. உறை தைத்து முடிந்தது. இளம்பச்சைத் துணி, அடியில் துவாரத்துக்கு மட்டும் அழகாகக் கரை கட்டிய ஒரு திறப்பு. ஊரில் ஓடும் மற்ற ஹைபிரிட்களையும் கணவர் விடவில்லை. கண்ட இடத்தில் நிறுத்தி, பின்சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். பஸ் டிப்போவுக்குப் போய் நெட்டையனிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவன் நீளத்துக்குத் தோதாக ஒரு முதுகுத் திண்டும் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். நெட்டையன் முதலில் திட்டினானாம், அப்புறம் திண்டில் சாய்ந்து பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தானாம். நெட்டையன் பஸ்ஸை விடுவதாக இல்லை, ஆனால் இப்போது அவன் பெயரைச் சொல்லி யாரும் யார் வாயையும் அடைப்பதில்லை.

புது வண்டியில் மாற்றுவதற்கு கியரே இல்லை. "இனிமே இவங்களை என்னன்னு கூப்பிடறது?" என்று ஸ்டாண்டில் பெரிய விவாதம் நடந்தது. பழகிய வாய் மாறவில்லை. கியரே இல்லாத வண்டியில் கியரக்காவாகவே அவள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள். பின்சீட்டில் நிபுணர். அக்காவின் முதல் நாளைப் பார்க்க வேண்டும் என்று காலையிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டான்.

வாட்ச்மேன் ஓடிவந்தார். "அக்கா, நிக்கிறப்ப இஞ்சினை ஆஃப் பண்ணிடுங்க. புது உத்தரவு."

"ஆஃப்லதாண்ணே இருக்கு."

வாட்ச்மேன் பானெட்டில் காதை வைத்துக் கேட்டார். பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. "அண்ணே, இந்த ஹைபிரிட்டைப் பத்தி ஊர்ல நிறைய கட்டுக்கதை இருக்கு," என்று நிபுணர் ஆரம்பித்தான். "சொருகணும்பாங்க, செத்தா புதைக்கணும்பாங்க. நம்பாதீங்க. வண்டியோட வயித்தைப் பார்த்தவன் சொல்றேன். இதுவும் ஒண்ணும் சாமியார் வண்டி இல்ல, பெட்ரோல் குடிக்கத்தான் செய்யும், ஆனா..." கியரக்கா கண்ணாடியில் தம்பியைப் பார்த்தாள். எல்லாம் அவனே கண்டுபிடித்தது மாதிரி வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டுப் போகட்டும். இவன் வாய் போகும் தூரத்துக்கு எந்த வண்டியும் போகாது. சரியான சரக்கை ஏற்றிவிட்டாயிற்று, அது போதும்.

உள்ளேயிருந்து ஒரு தாய், குணமான குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நிபுணர் பேச்சை நிறுத்தாமலே இறங்கி அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டான். குழந்தை நல்ல தூக்கத்தில் இருந்தது. கியரக்கா பெல்ட்டைச் சரிசெய்துவிட்டு, பழக்க தோஷத்தில் மேலே பார்த்தாள்.

முதல் மாடியில் அந்த நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். டாக்ஸி கிளம்பப்போகிறது என்றதும் அவள் கையும் பழக்க தோஷத்தில் ஜன்னல் கதவைப் பிடித்திருந்தது. வண்டி நகர்ந்தது. நர்ஸ் புகைக்காகக் காத்திருந்தாள். கொஞ்சம் வெளியே குனிந்துகூடப் பார்த்தாள்.

பிறகு கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு, வேறு வேலையைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.